ஒன்பதாவது பாரா

என் அக்கா புத்தகத்துக்காக அழுவாள். மனிதர்களுக்காக அழுது நான் பார்த்ததில்லை. இதை அவள் முகத்துக்கு நேராகவே பல தடவை சொல்லியிருக்கிறேன். அவளும் சிரித்துக்கொண்டே, "நீ ஒரு பக்கம் படிச்சுப் பாருடி, அப்புறம் பேசு" என்பாள். இப்போது அந்தக் கேலி எங்களுக்குள் இல்லை. ஏன் இல்லை என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை, வாயால் சண்டை போட்டுத்தான் பழக்கம். அங்கங்கே கோபம் எட்டிப் பார்த்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குடும்ப நீதிமன்றத்துக்கு எதிர்ப்பக்கம் எங்கள் கடை. அகலம் ஏழடி. உள்ளே நுழைந்தால் இடது பக்கம் அக்காவின் கம்ப்யூட்டர், வலது பக்கம் என் ஜெராக்ஸ் மெஷின். நடுவில் ஒருவர் தாராளமாக நிற்கலாம். இன்னொருவர் வந்தால் முதல் ஆள் மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும். அக்கா மனு டைப் செய்வாள். நான் காப்பி எடுத்து, அடுக்கி, பின் அடித்துக் கொடுப்பேன். கோர்ட்டுக்கு வருகிறவர்களுக்கு அவள் 'டைப்பிங் அக்கா', நான் வெறும் 'ஜெராக்ஸ்'. என்னைவிட ஏழு வயது மூத்தவள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாள். என் வீட்டு மாடியறையில்தான் அவள் குடித்தனம். என் கணவரோடு இருக்கும் நேரத்தைவிட அவளோடு இருக்கும் நேரம் எனக்கு அதிகம், சண்டையும் அதிகம்.

அவள் மேஜை டிராயரைத் திறந்தால் ஸ்டேப்ளருக்குக் கீழே ஒரு லைப்ரரி புத்தகம் இருக்கும். ஒருநாள் ஒரு வக்கீல் வந்து நிற்கிறார், இவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கிறாள்.

"என்னம்மா, வீட்ல ஏதாவது பிரச்சனையா?"

"இல்ல சார். இந்தக் கதையில அந்தப் பெரியவர் நாயை ஸ்டேஷன்லயே விட்டுட்டு ரயில் ஏறிட்டாரு."

அவர் என்னைப் பார்த்தார். நான் மெஷினைப் பார்த்தேன்.

எழுதவும் செய்வாள். இரண்டு கதைகள் ஒரு மாதப் பத்திரிகையில் வந்திருந்தன. இரண்டு இதழ்களையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தாள். நான் படித்ததில்லை. கடையில் என் கைக்கு வரும் காகிதங்களையும் நான் படிப்பதில்லை. அடுத்தவன் வீட்டுச் சண்டையில் நான் ஏன் மூக்கை நுழைக்க வேண்டும்? வெள்ளையாக வந்திருக்கிறதா, கறுப்பு ஒழுங்காக விழுந்திருக்கிறதா, அவ்வளவுதான் என் வேலை.

அக்காவின் வேலை எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. வக்கீலின் ஜூனியர் ஒரு துண்டுச் சீட்டில் ஐந்தாறு வரி கிறுக்கி அனுப்புவார். பெயர், வயது, என்ன கேட்கிறார்கள், அவ்வளவுதான். அதை அக்கா பத்துப் பக்க மனுவாக்குவாள். எந்த டைப்பிஸ்டும் வெற்றுப் பக்கத்திலிருந்து தொடங்க மாட்டார். இதே மாதிரி பழைய மனு ஒன்றைத் திறந்து, பெயரை மாற்றி, தேதியை மாற்றி, வேண்டாத பாராவை எடுத்துவிட்டு, வேண்டியதைச் சேர்த்து, வேறு பெயரில் சேமித்துக்கொள்வார். ஊரிலுள்ள கண்ணீர் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும் என்பது இந்தத் தொழிலில் எழுதாத சட்டம்.

ஆனால் அக்காவிடம் ஒரு விசேஷம் உண்டு. நடுவில் ஒரு பாரா, இரண்டு வரியானாலும், அவளே சொந்தமாக எழுதுவாள். அந்த இடம் வந்ததும் நீதிபதி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்காருவார் என்று வக்கீல்கள் சொல்வார்கள். அதற்காகவே தெருவில் நாலு கடை தாண்டி எங்களிடம் வருவார்கள். அக்காவுக்கு அதில் ரொம்பப் பெருமை. சும்மா சொல்லக் கூடாது, எனக்கும்தான்.

அந்த அம்மா வந்தது ஒரு திங்கட்கிழமை. திங்கட்கிழமை எங்களுக்குத் தலைகால் புரியாது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் லாண்டரியில் வேலை பார்ப்பவர். முப்பது வயதுக்குள்தான் இருக்கும், கைகள் மட்டும் ஐம்பது வயதுக் கைகள். நீராவியில் வெந்து வெந்து விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது. கணவரோடு சேர்ந்து வாழ முடியவில்லை, ஆறு வயது மகன் கணவர் வீட்டில் இருக்கிறான், அவனைத் தன்னிடம் தர வேண்டும். துண்டுச் சீட்டில் இதுதான் இருந்தது. அந்தப் பையனுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, பேசினால் காற்று வருகிறது என்று அந்த அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். சீட்டில் அது இல்லை.

அக்காவின் இடது கை டிராயருக்குள் இருந்தது. கட்டைவிரல் புத்தகத்துக்குள் இருந்தது. கடைசி இருபது பக்கம் பாக்கி என்று காலையிலேயே சொல்லியிருந்தாள். அதில் ஒரு தாய் பிள்ளையைத் தேடிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறாளாம். பழைய மனு ஒன்றைத் திறந்தாள், மாற்றினாள், மளமளவென்று முடித்தாள். நான் நாலு செட் காப்பி எடுத்தேன்.

"படிச்சுப் பாக்கணுமா மேடம்? நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். கொஞ்சம் நேரமாகும்" என்றார் அந்த அம்மா.

அவருக்குப் பின்னால் நாலு பேர் நின்றார்கள். ஒருவர் கைக்கடிகாரத்தை எனக்குத் தெரியும்படி தூக்கிப் பார்த்தார்.

"அதெல்லாம் சரியாத்தாம்மா இருக்கும். வக்கீல் அங்க காத்துட்டிருக்காரு. ஒவ்வொரு பக்கத்துலயும் கீழ கையெழுத்துப் போடுங்க."

சொன்னது நான். அக்கா இல்லை, நான். அந்த அம்மா ஒவ்வொரு பக்கத்திலும் நிதானமாகக் கையெழுத்துப் போட்டு, இரண்டு பேருக்கும் நன்றி சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்து போனார்.

இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். கையில் கோர்ட் உத்தரவின் நகல் இருந்தது. நாலாக மடித்து, பிரித்து, மடித்து, மடிப்பில் கிழிய ஆரம்பித்திருந்தது.

"நான் சொல்லாததை எழுதியிருக்காங்க மேடம். நான் அப்படிச் சொல்லலைன்னு ஒரு மனு அடிச்சுக் குடுங்க."

"என்ன எழுதியிருக்கு?" என்றாள் அக்கா.

அந்த அம்மா காகிதத்தைப் பார்க்கவே இல்லை. மனப்பாடமாகிவிட்டிருந்தது.

"'என் மகன் தன் தந்தையின் வீட்டிலேயே வளர்வது அவனுக்கு நல்லது என்று நான் மனமார நம்புகிறேன். அவனைப் பிரிந்து நான் படும் ஏக்கத்தைவிட, பழகிய கட்டிலில் அவன் நிம்மதியாகத் தூங்குவது எனக்குப் பெரிது.' ஜட்ஜ் இதைச் சத்தமா படிச்சாரு. படிச்சுட்டு என்னைப் பாத்து, 'இப்படிப் பெரிய மனசு இருக்கிற தாயை நான் பார்த்ததில்லை'ன்னாரு. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. கேஸ் முடியிற வரைக்கும் புள்ளை அவங்கப்பாகிட்ட இருக்கட்டும், மாசத்துல ரெண்டு சனிக்கிழமை வந்து பாத்துக்கோன்னுட்டாரு."

"உங்க வக்கீல் என்ன சொல்றாரு?" என்றேன் நான்.

"'கடைசியில புள்ளையைக் கேட்டுத்தான் இருக்கோம், நடுவுல இது எப்படி வந்துச்சுன்னு நீதான் சொல்லணும். கையெழுத்து உன்னோடதுதானே?'ங்கிறாரு. எங்க வீட்டுக்காரர் அவரைக் கைக்குள்ள போட்டுட்டாரு மேடம். வேற யாரு எழுதியிருப்பா?" அந்த அம்மா உத்தரவை மறுபடி நாலாக மடித்தார். "போன சனிக்கிழமை போய்ப் பாத்தேன். பக்கத்துல வரமாட்டேங்கிறான். 'நீதான் என்னை வேணாம்னு எழுதிக் குடுத்தியாமே'ன்னு கேக்குறான்."

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஈயாடவில்லை. கீபோர்டின் மேல் வைத்த கை அப்படியே இருந்தது.

அந்த அம்மாவுக்கு மறுப்பு மனு ஒன்றை அடித்துக் கொடுத்து அனுப்பினோம். காசு வேண்டாம் என்றாள் அக்கா. அந்த அம்மாவின் கண் கலங்கிவிட்டது. "நீங்க ஒருத்தங்கதான் மேடம் என்னை ஒரு ஆளா மதிக்கிறீங்க" என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் போனதும் அக்கா கம்ப்யூட்டரில் ஒரு பழைய மனுவைத் திறந்து, திரையை என் பக்கம் திருப்பினாள். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன ஒரு நர்ஸின் மனு. கணவனும் மனைவியும் பேசி முடிவெடுத்து, மகனை அப்பாவிடம் விட்டுப் போனவர் அவர். ஒன்பதாவது பாராவில் அந்த இரண்டு வரியும் இருந்தன. அக்காவின் சொந்த வரிகள். லாண்டரி அம்மாவின் மனுவுக்கு இதைத்தான் திறந்திருக்கிறாள். எல்லாவற்றையும் மாற்றியவள் இதை மட்டும் எடுக்க மறந்துவிட்டாள்.

ஷட்டரைப் பாதி இறக்கினேன்.

"வாயைத் திறக்காத. மறுப்பு மனு குடுத்தாச்சு. அது போதும், தானா சரியாயிடும்."

"ஆகலைன்னா?"

"ஆகலைன்னா அப்பப் பாத்துக்கலாம். இது வெளிய தெரிஞ்சா ஒரு வக்கீல் இந்தப் படி ஏறமாட்டான். என் பொண்ணு படிப்பு, நம்ம சாப்பாடு எல்லாம் இந்த ஏழடிக்குள்ளதான் இருக்கு, தெரியுமில்ல?"

அவள் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஆனால் தானாக ஒன்றும் சரியாகவில்லை. இரண்டு வாரம் கழித்து வந்த செய்தி இதுதான்: அந்தம்மா பேச்சை மாற்றுகிறார் என்று கணவரின் வக்கீல் வாதாடியிருக்கிறார். அந்த அம்மாவின் வக்கீலோ, கட்சிக்காரர் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார் என்று கைகழுவிவிட்டார். வேறு யாராவது அதை எழுதினார்கள் என்றால் ஆதாரம் எங்கே என்று நீதிபதி கேட்டு, அடுத்த தேதி கொடுத்திருக்கிறார். ஆதாரம் எங்கள் கம்ப்யூட்டரில், நர்ஸ் என்று பெயரிட்ட ஃபைலில் இருந்தது.

அந்த வாரம் அக்கா லைப்ரரிக்குப் போகவில்லை. மாடியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், நான் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது, ஒரு நோட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

"படி."

"நானா?"

"நீதான். வேற யார்கிட்ட குடுக்க முடியும்?"

நான் முதன்முதலாகப் படித்த கதை அதுதான். நடந்ததையே எழுதியிருந்தாள். ஒரு டைப்பிஸ்ட் இருக்கிறாள். தங்கை குடும்பத்துக்காக வாழ்க்கையைத் தேய்த்துக்கொண்டவள். முதுகுவலி வேறு. நாளெல்லாம் ஊரார் துக்கத்தை டைப் செய்து டைப் செய்து களைத்துப்போய் ஒரு தவறு செய்துவிடுகிறாள். பிறகு தூக்கமில்லாமல் துடிக்கிறாள். சொல்லக் கூடாதுதான், நன்றாக இருந்தது. எனக்குக்கூட 'ஐயோ பாவம்' என்று வாயில் வந்தது. யாரைப் பாவம் என்கிறேன் என்று யோசித்தேன் பாருங்கள், அப்போதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இதைப் படிச்சா எல்லாரும் உன்னைத்தான் பாவம்னு சொல்வாங்க" என்றேன். "பையனைப் பறிகொடுத்தது அந்தம்மா. நாற்பது பக்கத்துல அந்தம்மா மூணு தடவை வருது, மூணு தடவையும் அழுவுது. அதுக்கு வேற வேலையே இல்லையா?"

அக்கா நோட்டை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். ரொம்பப் பேசிவிட்டேனோ என்று எனக்கே உறுத்தியது. ஆனால் அவள் கோபித்துக்கொள்ளவில்லை. மறுநாள் கடையில், சும்மா கேட்பதுபோல, "அந்தம்மா காலையில எத்தனை மணிக்கு எந்திரிப்பாங்கன்னு உனக்குத் தெரியுமா?" என்றாள்.

"எனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கும் தெரியல. அந்தம்மா பக்கத்துலேர்ந்து எழுதிப் பாக்கலாம்னு உக்காந்தேன். முதல் வரிக்கு மேல போகமாட்டேங்குது. 'எந்திரிச்சாங்க'ன்னு எழுதுறேன், எங்கேர்ந்து எந்திரிப்பாங்க? கட்டிலா, தரையா? பையன் சட்டை அங்க ஏதாவது இருக்குமா? ஒண்ணும் தெரியல. பத்துப் பக்கம் 'நான் நான்'னு அந்தம்மாவுக்காக அடிச்சிருக்கேன்டி."

மதியம் அவள் ஆஸ்பத்திரி லாண்டரிக்குப் போனாள். எதற்கென்று அவளுக்கே தெளிவில்லை என்று நினைக்கிறேன். மாலையில் திரும்பி வந்து, பார்த்ததைத் துண்டு துண்டாகச் சொன்னாள். அந்த இடத்தில் மூச்சு முட்டும் சூடு. வார்டு வாரியாக விரிப்புகள் வரும், ரத்தக்கறை பட்டது தனி, மற்றது தனி. குழந்தைகள் வார்டு விரிப்புகளை அந்த அம்மாதான் கேட்டு வாங்கித் தேய்க்கிறாராம். மடிப்பு எங்கே விழுந்தால் உறுத்தாது என்று அவருக்குத் தெரியுமாம். காலை நாலரைக்கு எழுந்து இரண்டு பஸ் மாறி வருகிறார். பையன் வந்தால் படுக்க என்று வாடகை அறையில் ஒரு சின்னக் கட்டில் வாங்கிப் போட்டிருக்கிறார். தான் தரையில் படுக்கிறார். கட்டில் காலியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அதில் படுப்பதில்லை.

"கட்டில்னு நான் எழுதினேன்ல" என்றாள் அக்கா. "பழகிய கட்டில்னு எவ்வளவு அழகா எழுதினேன்."

அந்த அம்மா அவளுக்குத் தன் டப்பாவிலிருந்து பாதிச் சாப்பாட்டை வைத்துக் கொடுத்திருக்கிறார். இவளும் சாப்பிட்டிருக்கிறாள். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

"எழுத வருது இப்ப. கடகடன்னு வரும்னு தெரியுது" என்றாள். "ஆனா அதை எழுதி நான் என்ன பண்ண? பத்திரிகைக்கு அனுப்பவா?"

நான் மெஷினில் காகிதம் அடுக்கப் போய்விட்டேன். பதில் சொன்னால் அது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த நாள் காலை அவள் கம்ப்யூட்டரைத் திறந்து சும்மா உட்கார்ந்திருந்தாள். எட்டிப் பார்த்தேன். வெற்றுப் பக்கம். இருபத்திரண்டு வருடத்தில் அவள் வெற்றுப் பக்கத்தோடு உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அஃபிடவிட் எழுதுகிறாள், கோர்ட்டில் சத்தியம் செய்து கொடுக்கும் வாக்குமூலம். அதற்கு அவளிடம் நூறு பழைய ஃபைல் இருந்தது, ஒன்றையும் திறக்கவில்லை. ஒன்றரைப் பக்கம் எழுத இரண்டு நாள் ஆனது. வந்தவர்களை நான் நாலு கடை தள்ளி அனுப்பிக்கொண்டிருந்தேன். பிரிண்ட் எடுத்து என்னிடம் கொடுத்தாள்.

"காப்பி எடுக்கறதுக்கு முன்னாடி படி."

படித்தேன். அதில் அழகான வரி ஒன்றுகூட இல்லை. இந்த மனுவிலிருந்து அந்த மனுவை எடுத்தேன், இந்தப் பாராவை நீக்க மறந்தேன், அந்த வரிகள் மனுதாரர் சொன்னவை அல்ல, நான் எழுதியவை, அவர் என்னிடம் கேட்டது மகனைத் தன்னிடம் தரச் சொல்லித்தான். அவ்வளவுதான். முதுகுவலி இல்லை, களைப்பு இல்லை. இரண்டாவது தடவை படித்தேன். ஏதோ குறைந்தது. என்ன என்று எனக்குத்தான் தெரியும்.

"படிச்சுப் பாக்கணுமான்னு அந்தம்மா கேட்டதை எழுதலையே" என்றேன்.

"அது வேணாம்."

"வேணாம்னா? கேட்டாங்க. வேண்டாம், கையெழுத்துப் போடுங்கன்னு நான்தான் சொன்னேன்."

"உனக்குப் பொண்ணு இருக்குடி. இது என்னோட போகட்டும்."

அன்றைக்கு இதே ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டு நான் பேசிய பேச்சு நினைவுக்கு வந்தது. அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டிய இடத்தில் அவள் என்னை மறைக்கிறாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"எழுது. ஜெராக்ஸ் எடுக்கிற தங்கச்சி சொன்னான்னு எழுது. இல்லைன்னா நான் காப்பி எடுக்கமாட்டேன்" என்று ஒரே போடாகப் போட்டேன். எழுதினாள்.

கோர்ட்டுக்குக் கொடுப்பதற்கு முன் அந்த அம்மாவிடம் சொல்ல வேண்டும். இரண்டு பேரும் போனோம். லாண்டரியின் பின்பக்கம், தள்ளுவண்டிகள் நிற்கும் இடத்தில் வைத்து அக்கா சொன்னாள். எதையும் பூசி மெழுகவில்லை. நானும் என் பங்கைச் சொன்னேன். கத்துவார், கையை ஓங்குவார் என்று நான் தயாராக இருந்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போயிருந்தேன். அவர் கத்தவில்லை. வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப அந்த வரி யாரோடது?"

"ஒரு நர்ஸம்மாவுக்காக எழுதினது."

"அவங்க புள்ளை இப்ப நல்லா இருக்கா?"

அக்கா என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாது. கேட்டதே இல்லை. நாய்க்காக அழுதவள், அந்த இரண்டு வரிக்குப் பின்னால் ஒரு பிள்ளை இருப்பதை நினைத்ததே இல்லை. நான்கு செட் காப்பி எடுத்த நானும் நினைத்ததில்லை.

"தெரியல" என்றாள் அக்கா.

"சரி, போங்க" என்றார் அந்த அம்மா. வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கோர்ட்டில் நீதிபதி அக்காவைக் கூண்டில் ஏற்றினார். அவள் எழுதியதைப் படித்துவிட்டு, "எத்தனை வருஷமா டைப் பண்றீங்க?" என்று கேட்டார்.

"இருபத்திரண்டு வருஷம் ஐயா."

"இதுக்கு முன்னாடி இப்படி எங்கேயாவது நடந்திருக்கா?"

"தெரியல ஐயா. யாரும் திரும்பி வந்து சொன்னதில்ல."

முன்வரிசையில் எங்களிடம் மனு அடித்த வக்கீல்கள் ஐந்தாறு பேர் இருந்தார்கள். ஒருவர்கூட எங்களைப் பார்க்கவில்லை. அவரவர் கேஸ் கட்டைத் திறந்து புரட்ட ஆரம்பித்தார்கள்.

நீதிபதி முந்தைய உத்தரவை ரத்து செய்தார். புதிதாக மனு போடச் சொன்னார், அதுவரை பையன் வாரத்தில் மூன்று நாள் தாயிடம் இருக்கலாம் என்றார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். முதல் தடவை அழைத்து வந்தபோது அவன் கட்டிலில் படுக்காமல் கதவுப் பக்கமே உட்கார்ந்திருந்தானாம். இதை அந்த அம்மா எங்களிடம் சொல்லவில்லை, லாண்டரியில் வேலை பார்க்கும் இன்னொருவர் சொல்லித் தெரிந்தது. நாங்கள் கேட்கிற நிலையில் இல்லை.

வக்கீல்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். தவறு செய்ததற்காக இல்லை, ஒப்புக்கொண்டதற்காக. அக்கா புதிதாக ஒரு வழக்கத்தையும் வைத்துக்கொண்டாள். யார் மனுவாக இருந்தாலும் அவர்களை உட்காரவைத்து முழுவதும் படித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து. பத்து நிமிஷ வேலைக்கு ஒரு மணி நேரமானால் யார் வருவார்கள்? கடையில் இப்போது ஸ்கூல் நோட்ஸ் காப்பிதான் அதிகம் ஓடுகிறது. என் மகள் டியூஷனை நிறுத்தியாயிற்று. அக்கா கதை எழுதுவதையும் விட்டுவிட்டாள். புத்தகத்தைத் திறக்கிறாள், இரண்டு பக்கம் படித்ததும் மூடி வைத்துவிட்டுத் தெருவைப் பார்க்கிறாள். அவளுடைய அந்த இரண்டு பழைய கதைகளை நான் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துப் படித்துவிட்டேன். அவளுக்குத் தெரியாது.

போன வாரம் அந்த அம்மா வந்தார். படியேறி உள்ளே வந்து நடுவில் நின்றார். நானும் அக்காவும் எழுந்துவிட்டோம். கையில் புதிய வக்கீல் கொடுத்த துண்டுச் சீட்டு இருந்தது.

"புது மனு அடிக்கணும்" என்றார், எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த சுவரைப் பார்த்து. "வேற கடையில எல்லாம் படிக்க விடமாட்டேங்கிறாங்க."

அக்கா வெற்றுப் பக்கத்தைத் திறந்தாள். ஒவ்வொன்றாகக் கேட்டு, கேட்டதை மட்டும் அடித்தாள். பிரிண்ட் எடுத்து, படித்துக்காட்ட வாயெடுத்தபோது அந்த அம்மா கையை நீட்டினார்.

"குடுங்க. நானே படிக்கிறேன்."

நின்றுகொண்டே படித்தார். வெந்துபோன விரலை ஒவ்வொரு வார்த்தையின் கீழும் வைத்து, எழுத்துக் கூட்டி, வாய்விட்டு. பின்னால் ஸ்கூல் நோட்ஸ் காப்பி எடுக்க வரிசை நின்றது. ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார், நான் அவரை ஒரு முறை முறைத்தேன். நாலாவது பாராவில் விரல் நின்றது.

"ஆறு வயசுன்னு போட்டிருக்கு."

அக்கா சீட்டைப் புரட்டினாள். சீட்டிலும் ஆறு என்றுதான் இருந்தது. புதிய வக்கீல் பழைய மனுவைப் பார்த்து எழுதியிருப்பார்.

"ஏழு" என்றார் அந்த அம்மா. "அங்க இருக்கும்போது ஏழாயிடுச்சு. நான் பக்கத்துல இல்ல."

அக்கா ஆறை அழித்து ஏழு என்று அடித்தாள். அழுதாள். அந்த அம்மா அவளைப் பார்க்கவில்லை, திருத்திய பக்கத்தை வாங்கி விட்ட இடத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். முழுவதும் படித்து முடித்து, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். நான் நாலு செட் காப்பி எடுத்தேன். ஒவ்வொன்றையும் படித்துவிட்டுத்தான் கொடுத்தேன்.